28,000 ரூபாய் கியர் சைக்கிளை 10,000-க்குக் கேட்கிறார்களே... நியாயமா? பழைய எம்டிபியின் ரீசேல் கணக்கு

"லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ ப்ரோ?"

பழைய கியர் சைக்கிளை விற்க ஆன்லைனில் போட்டோ போட்ட ஐந்தாவது நிமிடம் வரும் முதல் மெசேஜ் பெரும்பாலும் இதுதான். போட்டிருக்கும் விலையைப் படித்தார்களா என்பதே சந்தேகம். இரண்டாவது மெசேஜ் இன்னும் சூடு கிளப்பும்: "10-க்கு தருவீங்களா? இன்னைக்கே வந்து எடுத்துக்குறேன்."

உதாரணத்துக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020-ல் ஊரடங்கு தளர்ந்த நேரம். ஜிம் மூடியிருந்தது, பஸ் ஏற பயம். 27.5 இன்ச் வீல், 21 கியர், முன்பக்கம் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் என்று ஒரு மவுன்டன் பைக்கை ரூ.28,000 கொடுத்து வாங்கினார். அதற்கு மேல் ஹெல்மெட், லைட், பூட்டு, பாட்டில் ஹோல்டர் என்று இன்னொரு ரூ.4,000. முதல் இரண்டு வருடம் சனி, ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். ரைடு. அப்புறம் ஆபீஸ் திறந்தது, சைக்கிள் பால்கனிக்குப் போனது. துணி காயப்போடும் ஸ்டாண்டாகவும் கொஞ்ச காலம் வேலை பார்த்தது.

இப்போது நண்பர்கள் கூட்டம் மறுபடி கூடியிருக்கிறது. அவர்கள் எல்லாரும் 29 இன்ச் வீல், ஹைட்ராலிக் பிரேக் என்று போகிறார்கள். இவருக்கும் ரூ.55,000 ரேஞ்சில் ஒரு சைக்கிள் மேல் கண். "பழசு ஒரு 20,000 போகும், மிச்சம் 35-தான் கையிலிருந்து" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு, "10-க்கு தருவீங்களா" என்ற மெசேஜ் அவமானமாகவே பட்டது.

அவர் கோபம் நியாயமானதுதானா? அல்லது மெசேஜ் அனுப்பியவருக்குத்தான் கணக்கு தெரியுமா?

ஆர்.சி. புக் இல்லாத வண்டி

கார், பைக் விற்கும்போது பேச்சு ஒரு இடத்திலிருந்து தொடங்கும். எந்த வருட மாடல், எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் ஆர்.சி.யிலும் மீட்டரிலும் இருக்கிறது. இன்சூரன்ஸில் ஐடிவி என்ற ஒரு தொகையே எழுதியிருக்கும். அதற்கென்று ஒரு தேய்மான அட்டவணை உண்டு: ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம், இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50 சதவீதம்.

சைக்கிளுக்கு இதில் எதுவுமே கிடையாது. பதிவு இல்லை, மீட்டர் இல்லை, அட்டவணையும் இல்லை. அதனால் விற்பவர் தன் மனதிலேயே ஒரு ஐடிவி போட்டுக்கொள்கிறார். "அஞ்சு வருஷம், பாதி விலை, 14,000. ஆக்சஸரீஸ் 4,000. அதிகம் ஓட்டவே இல்ல, அதுக்கு ஒரு 2,000." மொத்தம் 20,000. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்க வருபவர் இந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அவருடைய முதல் கேள்வி, "நீ எவ்வளவுக்கு வாங்கினே" என்பதல்ல. "இதே மாதிரி புதுசு இன்னைக்கு எவ்வளவு?"

இந்த இடத்தில்தான் 2020-ல் வாங்கியவர்களுக்கு இரட்டை அடி. அந்த வருடம் உலகம் முழுவதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கியர், செயின், பிரேக் சப்ளை திணறியது, கடைகளில் ஸ்டாக் இல்லை. தள்ளுபடி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அடுத்த வருடங்களில் நிலைமை தலைகீழ். ஆர்டர் போட்ட சரக்கெல்லாம் வந்து சேர்ந்தபோது வாங்க ஆள் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடவுன் நிறைய சைக்கிள் தேங்கியது. பிரிட்டனின் பெரிய ஆன்லைன் சைக்கிள் கடையான விக்கிள், 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குப் போனது. தேங்கிய சரக்கு என்றால் தள்ளுபடி. புதுசில் தள்ளுபடி என்றால் பழசில் வீழ்ச்சி.

அடுத்த அடி வரியிலிருந்து வந்தது. சைக்கிளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். புதுசு வாங்குபவருக்கு இது நல்ல சேதி, பழசு விற்பவருக்கு இல்லை. ரூ.28,000 விலையில் அடிப்படை விலை 25,000, வரி 3,000. அதே அடிப்படை விலைக்கு இப்போது வரி 1,250 மட்டும். அதாவது சைக்கிளில் ஒரு போல்ட் கூட மாறாமல், புதுசின் விலை ரூ.26,250-க்கு வந்துவிட்டது. பால்கனியில் நின்றுகொண்டே பழைய சைக்கிள் ரூ.1,750 இழந்தது.

வாங்குபவரின் நான்கு வரிக் கணக்கு

மெசேஜ் அனுப்பியவர் மனதில் ஓடுவது தோராயமாக இப்படித்தான் இருக்கும். அதே 21 கியர், அலாய் ஃபிரேம், டிஸ்க் பிரேக் சைக்கிள் ஸ்டாக் கிளியரன்ஸில் ரூ.24,000-க்குப் புதுசாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழசுக்கு வாரன்டி இல்லை, இலவச சர்வீஸ் இல்லை, தன் உயரத்துக்கு ஏற்ற சைஸையோ பிடித்த கலரையோ தேர்ந்தெடுக்க முடியாது, இ.எம்.ஐ.யும் கிடையாது. இத்தனை இல்லைகளுக்கும் சேர்த்து குறைந்தது 40 சதவீதமாவது குறைந்தால்தான் பழசு வாங்க ஒருவருக்கு மனம் வரும். 24,000-ல் 9,600 போனால் 14,400.

அடுத்து, வாங்கிய உடனே செய்ய வேண்டிய செலவு. ஐந்து வருட வெயிலில் டயர் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். செயின், பின்பக்க ஃப்ரீவீல், பிரேக் பேட், கேபிள், அதற்கு மேல் ஒரு முழு ஓவராயில். இதற்கு ஒரு 4,000 ஒதுக்கினால் மிச்சம் 10,400.

ஆக, "10-க்கு தருவீங்களா" என்பது அடிமாட்டு விலை இல்லை. பேரம் பேசுவதற்காக ஒரு 400 ரூபாய் குறைத்துக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆக்சஸரீஸ் 4,000? அது வாங்குபவரின் கணக்கில் வரவே இல்லை. பழைய ஹெல்மெட்டை யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பதே சரியான பழக்கம். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. லைட்டும் பூட்டும் புது சைக்கிளுக்கே பயன்படும், கழற்றி வைத்துக்கொள்வதுதான் லாபம். பிரித்துப் போட்ட ஒரிஜினல் சீட்டும் பெடலும் வீட்டில் எங்காவது கிடந்தால் அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக வாங்கிப் போட்டதை எடுத்துக்கொள்ளலாம்.

26, 27.5, 29: வீல் பெருசாகப் பெருசாக...

வயது மட்டும் விலையைக் குறைப்பதில்லை. மவுன்டன் பைக்கில் அடிப்படை அளவுகளே பத்து, பதினைந்து வருடத்தில் மாறிவிடுகின்றன. சாதாரண சைக்கிளில் அப்பா காலத்து வீலை மகன் காலத்திலும் மாற்றிப் போடலாம், இதில் அது நடக்காது.

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்டி மலைச்சரிவுகளில் பழைய குரூஸர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறி, இறங்கி விளையாடிய இளைஞர்களிடமிருந்துதான் இந்த விளையாட்டு பிறந்தது. அந்தப் பழைய குரூஸர்களில் இருந்தது 26 இன்ச் பலூன் டயர். அதனால் முப்பது வருடத்துக்கும் மேல் மவுன்டன் பைக் என்றால் 26 இன்ச்தான். பெரிய வீல் குழியில் விழாமல் உருண்டு போகும் என்று சொன்னவர்களைக் கிண்டல் செய்த காலமும் இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கிய செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஓட்டியது 29 இன்ச். வெள்ளி வாங்கிய சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் ஓட்டியது 27.5. அதன்பின் சில வருடங்களிலேயே பெரிய கம்பெனிகள் தங்கள் நல்ல மாடல்களிலிருந்து 26-ஐக் கிட்டத்தட்ட நீக்கிவிட்டன.

ரிம் அளவில் சொன்னால் 26-க்கு 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. ஒன்றின் டயர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. வெளிநாட்டில் 26 இன்ச் பழைய எம்டிபி என்றால் வாங்குபவர் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் நம்ம ஊரில் கதை கொஞ்சம் வேறு. இங்கே விலை குறைந்த சைக்கிள்களில் 26 இன்ச் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிராமத்து சைக்கிள் கடையில் கேட்டால் கூட 26 இன்ச் டியூப் எடுத்துக் கொடுப்பார்கள், 29 கேட்டால் "டவுனுக்குப் போங்க தம்பி" என்பார்கள். ஆகவே 15,000-க்குள் உள்ள சைக்கிளுக்கு 26 என்பது பெரிய குறை இல்லை. 60,000, ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய 26 இன்ச் சைக்கிள்தான் மாட்டிக்கொள்கிறது. அந்த விலைக்கு வாங்க வருபவர் வீல் அளவு, ஃபோர்க், ஆக்ஸில் எல்லாம் படித்துவிட்டு வருபவர். டவுனில் டியூப் கிடைப்பதை வைத்து அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

கியரிலும் இதே கதை. "21 கியர்" என்பது 2015-ல் பெருமை. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. இப்போது மவுன்டன் பைக்குகள் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரத்துக்கு வந்துவிட்டன. ஸ்ராம் கம்பெனி 2012-ல் எக்ஸ்எக்ஸ்1 என்ற பெயரில் பின்னால் 11 கியர் செட்டைக் கொண்டுவந்தபோது அது பணக்காரர் சமாச்சாரம். 2016-ல் அதே கம்பெனி 12 கியருக்குப் போனது, 2018-ல் ஷிமானோவும் அங்கே வந்தது. பிறகு இந்த ஒற்றைப் பல்சக்கர அமைப்பு படிப்படியாக நடுத்தர விலை சைக்கிள்களுக்கும் இறங்கிவிட்டது. எண்ணிக்கை குறைவு, ஆனால் ஏற்றத்துக்கான லைட் கியர் இருக்கிறது, முன் ஷிஃப்டர் தொல்லை இல்லை. விளம்பரத்தில் "21 ஸ்பீடு!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி போடுவதால் இன்று விலை ஏறாது.

பெரிய சைக்கிள், பெரிய சரிவு

விலை உயர்ந்த சைக்கிளுக்கு ரீசேல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. சதவீதத்தில் பார்த்தால் அது எப்போதும் உண்மை இல்லை. இரண்டு லட்ச ரூபாய் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் தேய வேண்டிய உறுப்புகள் அதிகம். ஏர் ஃபோர்க்குக்கு மணிக்கணக்கில் சர்வீஸ் உண்டு. ராக்‌ஷாக்ஸ் தன் பல மாடல்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. "வாங்கினதுல இருந்து ஒரு தடவை கூட பிரிச்சதில்ல, அவ்ளோ நல்ல வண்டி" என்று பெருமையாகச் சொல்லும் ஓனர், விஷயம் தெரிந்த வாங்குபவரிடம் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

பின் வீல் ஆக்ஸிலும் மாறியிருக்கிறது. பழைய குவிக் ரிலீஸ் 135 மி.மீ., அடுத்து 142, பிறகு 2014 வாக்கில் ட்ரெக் கொண்டுவந்த 148 மி.மீ. 'பூஸ்ட்'. பழைய ஃபிரேமுக்கு நல்ல வீல் தேடினால் புது ஸ்டாக் கிடைப்பது கஷ்டம், பழையது தேடி அலைய வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் விலை போட்டு, மாதக்கணக்கில் "இன்னும் இருக்கா?" மெசேஜ் கூட வராமல் கிடக்கும் விளம்பரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு மில்லிமீட்டர் கதை இருக்கும்.

அப்போ பழசையே அப்கிரேட் பண்ணிடலாமே?

55,000 செலவு செய்வதற்குப் பதில், பழைய சைக்கிளிலேயே நல்ல கியர் போட்டால் என்ன? கேட்க நியாயமாக இருக்கிறது. தடுப்பது பின் வீலின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன விஷயம்.

விலை குறைந்த 7 கியர் சைக்கிள்கள் பலவற்றில் பின்னால் இருப்பது மரையில் திருகி மாட்டும் ஃப்ரீவீல். 9, 10 கியர் செட்டுகள் வேறு வகை ஹப்பில், அதாவது ஃப்ரீஹப் உள்ள வீலில் உட்காருபவை. ஆக கியரை மாற்ற வேண்டுமானால் பின் வீலையே மாற்ற வேண்டும். வீல் மாறினால் கியர் செட், டிரெய்லர், ஷிஃப்டர், செயின், முன் கிராங்க் என்று ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். எல்லாம் சேர்ந்தால் சைக்கிளின் இன்றைய சந்தை விலையையே தாண்டிவிடும். இத்தனையும் போட்ட பிறகும் முன்னால் இருப்பது அதே ஸ்பிரிங் ஃபோர்க்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: கேபிள் டிஸ்க் பிரேக்கை ஹைட்ராலிக்காக மாற்றுவது. ஏற்கெனவே டிஸ்க் பிரேக் உள்ள ஃபிரேமில் இது பெரும்பாலும் நேராகப் பொருந்தும். மழையிலும் இறக்கத்திலும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஆனால் இது சைக்கிளை வைத்து ஓட்டப்போகிறவருக்கான செலவு. விற்கப்போகிறவருக்கு இதில் போட்ட காசு திரும்பாது.

ஒரு ஸ்கேல் போதும்

மீட்டர் இல்லாத வண்டியின் வயதைச் சொல்வது செயின். பள்ளிக்கூட 12 இன்ச் ஸ்கேல் ஒன்றை எடுத்து, செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புது செயினில் அங்கிருந்து 24-வது பின் சரியாக 12 இன்ச்சில் நிற்கும். அது 1.5 மி.மீ. தள்ளி நின்றால் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 3 மி.மீ. தள்ளியிருந்தால் செயின் மட்டும் போதாது, பின்னால் உள்ள பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் இதைத் தானே அளந்து போட்டோவோடு போட்டால் பாதி பேரம் அங்கேயே முடியும். ஸ்ட்ராவா ஆப்பில் சைக்கிளைப் பதிந்து ஓட்டியிருந்தால் மொத்த கிலோமீட்டரும் அதில் இருக்கும். அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடலாம்.

சென்னையில் வாங்குபவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சீட் போஸ்ட். கடல் காற்றும் வியர்வையும் பட்டு, உலோகத்தோடு உலோகம் பிடித்துக்கொண்டு, ஐந்து வருடம் நகர்த்தாத சீட் போஸ்ட் சில நேரம் அசையவே அசையாது. அப்படி இறுகிய சைக்கிளை யாருடைய உயரத்துக்கும் மாற்ற முடியாது. வாங்கப் போகிறவர் முதல் வேலையாக சீட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது. விற்பவரோ அதற்கு முன்பே ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி வைத்துவிடலாம். காசு செலவில்லாமல் விலையைக் காப்பாற்றும் வேலை இது.

அடுத்து முன் ஃபோர்க்கின் வழவழப்பான குழாய்கள். துரு, கீறல் இருக்கிறதா? பிரேக்கை அழுத்திப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று தட்டுகிறதா? ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் வெல்டிங்கில் மெல்லிய கோடு தெரிகிறதா? அது பெயின்ட் விரிசலா, உலோக விரிசலா என்று சந்தேகம் வந்தாலே வாங்காமல் திரும்புவது நல்லது. அந்தச் சந்தேகத்துக்குத் தள்ளுபடி போட்டு வாங்கக் கூடாது.

சைஸ் பற்றி விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் விற்பனையை முடிவு செய்வது அதுதான். எம் சைஸ் ஃபிரேமுக்குப் பொருந்தும் உயரம் உள்ளவர்கள் அதிகம், எக்ஸ்எல்லுக்குக் குறைவு. ஓனரின் உயரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் சம்பந்தமில்லாத பத்து மெசேஜ் குறையும்.

விற்கும் முன் செலவு செய்யலாமா?

கழுவுவது, கியர் ட்யூனிங், பிரேக் சரிசெய்வது, காற்றடிப்பது, இவை கண்டிப்பாக. தேய்ந்திருந்தால் புது செயின். ட்ரையல் பார்க்க வருபவர் முதல் முப்பது விநாடியில் கியர் மாற்றிப் பார்ப்பார். அப்போது செயின் குதித்தால், அவர் மனக்கணக்கில் அந்த 4,000 அப்படியே 6,000 ஆகிவிடும். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தால் 2,500 ஆகும். ஓ.எம்.ஆர். ஆசாமியின் சைக்கிள் 12,000 தொடக்கூடிய இடம் அதுதான். புது டயர், பெயின்ட், புது ஃபோர்க் எல்லாம் வேண்டாம். வாங்குபவர் அவற்றைத் தன் ரசனைக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நேரமும் கொஞ்சம் முக்கியம். புத்தாண்டுத் தீர்மானம் எடுப்பவர்களும், காலையில் லேசான குளிரும் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வரும் அழைப்புகளை அக்னி நட்சத்திர வெயிலில் எதிர்பார்க்க முடியாது.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்: கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"பழைய சைக்கிளைக் கொண்டுவாங்க, 6,000 தள்ளுபடி" என்று கடைகள் சொல்வது உண்டு. ஆன்லைன் பேரமும் அலைச்சலும் வேண்டாம் என்பவர்களுக்கு இது வசதி. ஆனால் கேள்வி இதுதான்: பழைய சைக்கிள் இல்லாமல் வெறுங்கையோடு வந்தால் என்ன விலை?

55,000 ரூபாய் சைக்கிளுக்கு வெறுங்கையோடு வருபவருக்கே 8 சதவீதம் தள்ளுபடி என்றால் அவர் கொடுப்பது 50,600. எக்ஸ்சேஞ்சில் 6,000 கழித்தால் 49,000. எக்ஸ்சேஞ்ச் எடுத்தால் மற்ற தள்ளுபடி கிடையாது என்று இருந்தால், பழைய சைக்கிளுக்கு உண்மையில் கிடைத்தது 1,600 ரூபாய். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்றால் முழு 6,000. ஒரே விளம்பரம், இரண்டு வேறு கணக்கு. பில் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது.

பில் எங்கே?

ஆர்.சி. இல்லாத வண்டிக்கு உரிமையைக் காட்டுவது இரண்டே விஷயம். ஒன்று கடை பில். இன்னொன்று பெடல் கிராங்க் சுழலும் இடத்துக்கு அடியில் பொதுவாகப் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பர். இரண்டும் பொருந்தினால் விலையில் நம்பிக்கை கூடும். பில் தொலைந்திருந்தால் மெயிலில், கார்டு ஸ்டேட்மென்ட்டில் தேடலாம், வாங்கிய கடையில் நகல் கேட்கலாம்.

வாங்குபவருக்கு இது விலை சமாச்சாரம் மட்டும் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்குவதோ பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் குற்றம். 40,000 ரூபாய் சைக்கிளை ஒருவர் பில் இல்லாமல் 6,000-க்கு அவசரமாகத் தள்ளிவிடுகிறார் என்றால், "அதிர்ஷ்டம்" என்று நினைக்கும் முன் இதை நினைக்க வேண்டும். சைக்கிள் கைமாறும்போது தேதி, தொகை, ஃபிரேம் நம்பர், இருவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து என்று ஒரு பேப்பர் எழுதி ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டால் இரு பக்கமும் நிம்மதி. பல பிராண்டுகளில் ஃபிரேம் வாரன்டி முதல் ஓனருக்கு மட்டும்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

மோசடி விற்பவருக்கும் வரும். பேரமே பேசாமல், சைக்கிளைப் பார்க்காமல், "நான் வேற ஊர்ல போஸ்டிங்ல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால் அது பழைய ட்ரிக். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை, பின் போட்டால் பணம் போகத்தான் செய்யும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். ட்ரையல் ரைடு கேட்பவரிடம் அவர் வந்த வண்டியின் சாவியையோ முழுப் பணத்தையோ வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பதில் தவறில்லை. நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விற்காமல் வைத்துக்கொண்டால்?

இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். 55,000 ரூபாய் சைக்கிளை டீக்கடை வாசலிலும் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டிலும் நிறுத்திவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. பழையதை அங்கே நிறுத்தலாம். கடைக்கு, ஜிம்முக்கு, மெட்ரோ ஸ்டேஷனுக்கு என்று வாரத்தில் நான்கு நாள் அது ஓடினால், கையில் வரும் 10,000-ஐ விட அது அதிகம் சம்பாதிக்கும். ஆனால் இது இரண்டு சைக்கிள் நிறுத்த இடம் உள்ளவர்களின் யோசனை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஏற்கெனவே சண்டை நடக்கும் வீட்டில் எடுபடாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. இன்று 10,400 வரும் சைக்கிள், டயரும் டியூபும் இறுகி, செயின் துருப்பிடித்து, இன்னும் இரண்டு மழைக்காலம் பால்கனியில் கழித்தால், கிலோ கணக்கில் பேசும் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும்.

ஓ.எம்.ஆர். ஆசாமி செய்யக்கூடியது இதுதான். "20,000 நெகோஷியபிள்" என்பதை அழித்துவிட்டு, எம் சைஸ், 27.5 இன்ச், வாங்கிய மாதம், பில் இருக்கிறது, செயின் புதுசு, பின் டயர் மாற்ற வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, 13,000 என்று போடுவது. "10-க்கு தருவீங்களா" என்று கேட்டவருக்கு ஒரு பதிலும் அனுப்பலாம்: "சண்டே காலைல வந்து ஓட்டிப் பாருங்க ப்ரோ, அப்புறம் பேசலாம்."